ஒலிபெருக்கி ஊமையானால்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். அங்கத்தினர்கள் திரளாகக் கூடியிருந்தனர். சங்கக் கட்டடத்தின் முற்றம் போதாமையால் பின்வரிசையினர் வேப்பமர நிழலில் அமர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். கூலியிலிருந்து பங்குத் தொகைக்காகப் பிடிக்கப்படும் பணத்தை உயர்த்துவது பற்றிய தீர்மானம் படிக்கப்பட்டது. அத்தருணத்தில் மரத்தடியை நோக்கிக் கட்டியிருந்த ஒலிபெருக்கி இருமுறை கரகரத்து, பின்னர் ஓசையின்றி நின்றுவிட்டது. மேடைக்கு அருகிலிருந்த மற்றொன்று நன்றாக முழங்கிக்கொண்டிருந்தமையால் மேடையிலிருந்தோர் இதனை உணரவில்லை. அங்கு அமர்ந்திருந்த நாமும் உணரவில்லை. முன்வரிசையினர் கை தூக்கினர். அதைக் கண்டு பின்வரிசையினரும் தூக்கினர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்பட்டது.

அடுத்த கூலிப் பட்டுவாடா நாளன்று சங்கத்தின் வாயிலில் பெரும் பூசல் மூண்டது. எங்களைக் கேளாமல் எங்கள் கூலியில் கை வைப்பதா என்று மரத்தடியில் இருந்தவர்கள் வினவினர். நீங்களும் கை தூக்கினீர்களே என்று பஞ்சாயத்தார் விடை பகர்ந்தனர். இரு சாராரும் கூறியது உண்மையே. தீர்மானத்தை மீண்டும் மகாசபையின் முன் வைப்பதாகத் தலைவர் ஒப்புக்கொண்ட பின்னரே பூசல் அடங்கிற்று.

கூட்டுறவில் ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பது நாம் அறிந்த விதி. ஆயினும் காதில் விழாத தீர்மானத்திற்கு அளிக்கும் வாக்கு வாக்காகாது. ஆகவே ஒலிபெருக்கியைத் திருவிழாச் சாமான் போல் கருதாமல், தராசையும் கணக்குப் புத்தகத்தையும் போன்றே சங்கத்தின் இன்றியமையாத சாதனமாகக் கருத வேண்டும். அது பழுதுற்றால் பழுது எங்கே என்று காண்பது எப்படி, உத்தரவாதக் காலத்திற்குள் அதனைச் செலவின்றிச் சீர்செய்துகொள்வது எப்படி என்பவற்றை ஈண்டு விளக்குவோம்.

சாதனத்தின் அமைப்பு

பேசுவோரின் குரலை மைக் மின்னலைகளாக மாற்றுகிறது. அவ்வலைகள் மிக மெலிந்தவை. அவற்றை ஆம்பிளிபையர் வலுப்படுத்துகிறது. வலுவடைந்த மின்னலைகள் கம்பி வழியே ஒலிபெருக்கியை அடைந்து மீண்டும் ஓசையாகின்றன.

ஒலிபெருக்கியினுள் ஒரு காந்தம் உண்டு. காந்தத்தின் குறுகிய இடைவெளியில் மயிரிழை போன்ற கம்பியாலாகிய சிறு சுருள் ஒன்று தொங்குகிறது. சுருளில் மின்சாரம் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைகிறது. அதனோடு ஒட்டியுள்ள தாளோ மெல்லிய தகடோ அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. 1925ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் வெளியிட்ட அமைப்பே இன்றைய பெட்டி ஒலிபெருக்கிகளுக்கு முன்மாதிரியாகும். நம் சங்கங்களில் காணப்படும் கூம்பு ஒலிபெருக்கியிலும் சுருளும் காந்தமும் அவ்வாறே உள்ளன. கூம்பின் பின்புறம் திருகப்பட்டுள்ள உருண்டையான பகுதியில் அவை அடங்கியிருக்கும். ஒலிபெருக்கி அமைக்கும் தொழிலாளர் அதனை ‘யூனிட்’ என்று வழங்குவர். கூம்பில் பழுது நேர்வது அரிது. பழுது பெரும்பாலும் யூனிட்டிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோதான் நேரும்.

பழுது எங்கே?

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. பாவு உருளையிலிருந்து விழுது, அச்சு என்று வரிசையாகக் கண்ணோட்டி, அறுந்த இடத்தைக் கண்டு முடிச்சிடுகிறார். ஒலிபெருக்கியிலும் அம்முறையே சிறந்தது. மைக், மைக் கம்பி, ஆம்பிளிபையர், ஒலிபெருக்கிக் கம்பி, யூனிட் ஆகிய ஐந்தும் ஒரே இழையின் ஐந்து இடங்கள் எனக் கொள்க.

இரண்டு ஒலிபெருக்கிகள் உள்ள சங்கத்தில் சோதனை மிக எளிது. இரண்டும் ஒலிக்கவில்லையாயின் குற்றம் மைக்கிலோ ஆம்பிளிபையரிலோ இருக்கலாம். வேறொரு மைக்கையோ கைப்பேசியின் பாட்டையோ இணைத்துப் பார்த்தால் இரண்டில் எது என்பது விளங்கும். ஆம்பிளிபையரின் பியூஸையும் அப்பொழுதே பார்த்துவிட வேண்டும்.

ஒன்று மட்டும் ஒலிக்கவில்லையாயின் ஆம்பிளிபையரை நிறுத்திவிட்டு, ஒலிக்கும் கம்பியையும் ஒலிக்காத கம்பியையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக மாற்றிப் பூட்டுக. இரண்டும் ஒரே வகையினவாக இருத்தல் வேண்டும். பின்னர் இயக்கிப் பார்க்க, முன்பு ஊமையாய் இருந்தது இப்போதும் ஊமையாகவே இருப்பின் குற்றம் அதன் கம்பியிலோ யூனிட்டிலோ உள்ளது. அது பேசத் தொடங்கி, நன்றாயிருந்தது ஊமையானால் குற்றம் ஆம்பிளிபையரின் இணைப்பில் உள்ளது. அடுத்து, ஊமையானதை இறக்கி ஆம்பிளிபையரின் அருகில் வைத்து, நல்லதென்று தெரிந்த குறுங்கம்பியால் இணைத்துப் பார்க்கவும். இப்போது ஒலித்தால் குற்றம் நெடுங்கம்பியிலேதான். ஒலிக்காவிடில் யூனிட்டின் மீது ஐயம் கொள்ளலாம்.

கம்பிகளை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆம்பிளிபையரை நிறுத்துவது கட்டாயம். உயர் அழுத்த இணைப்பில் மின் அதிர்ச்சி ஏற்படும். கம்பிகள் தம்முள் தொட்டால் ஆம்பிளிபையரும் கெடும்.

ஓசை காட்டும் குறிகள்

ஊளையிடுவது போன்ற ஓசை எழுந்தால் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அது பழுதே அன்று. ஒலிபெருக்கியின் ஓசை மீண்டும் மைக்கினுள் புகுந்து சுழல்வதால் எழுவது அது. மைக்கை ஒலிபெருக்கிக்குப் பின்னால் வைத்தாலும், ஓசையைச் சற்றுக் குறைத்தாலும் நின்றுவிடும். இடைவிடாத இரைச்சல் இருப்பின் மைக் கம்பியின் உறையையும் ஆம்பிளிபையரின் நில இணைப்பையும் முதலில் பார்க்க வேண்டும்.

கரகரப்பு இருப்பின் ஓசையை மிகவும் குறைத்துக் கேட்டுப் பார்க்கவும். குறைந்த ஓசையிலும் கரகரத்தால் சுருள் காந்தத்தில் உராய்கிறது, அல்லது தகடு கிழிந்திருக்கிறது எனலாம். ஓசையை ஏற்றும்போது மட்டும் கரகரத்தால் ஆம்பிளிபையரை அதன் வலுவுக்கு மேல் ஓட்டுகிறோம் என்பது பொருள். இவ்வாறு நெடுநேரம் ஓட்டினால் சுருள் வெந்துவிடும். விட்டு விட்டு ஒலித்தால் இணைப்புத் திருகு தளர்ந்திருக்கலாம், அல்லது கம்பி உறைக்குள்ளேயே முறிந்திருக்கலாம்.

மீட்டர் கொண்டு அளத்தல்

சங்கத்தில் ஒரு மல்டிமீட்டர் இருப்பது நன்று. யூனிட்டின் இரு கம்பிகளையும் கழற்றிவிட்டு அதன் முனைகளில் மின்தடையை அளக்க வேண்டும். 8 ஓம் என்று குறிக்கப்பட்ட யூனிட்டில் மீட்டர் 6 அல்லது 7 ஓம் காட்டும். அதனைக் குறையென்று எண்ண வேண்டா. எழுதப்பட்டுள்ள 8 ஓம், ஓசையின் மாறுமின்சாரத்திற்கு யூனிட் காட்டும் தடையாகும். மீட்டர் அளப்பது நேர்மின்சாரத்திற்குரிய தடையாதலால் சற்றுக் குறைந்தே காட்டும். மீட்டர் எல்லையற்ற தடையைக் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. ஏறத்தாழப் பூஜ்யம் காட்டினால் உள்ளே குறுக்கிணைப்பு உண்டாகியுள்ளது.

மீட்டர் இல்லாதவர்கள் 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்றின் இரு முனைகளிலிருந்து கம்பி எடுத்து யூனிட்டின் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். நல்ல யூனிட் ‘டக்’ என்று ஒலிக்கும். ஒலி ஒன்றும் இல்லையாயின் சுருள் அறுந்தது எனக் கருதலாம். கம்பியை நெடுநேரம் பிடித்திருத்தல் கூடாது.

சில கூம்புகளில் 100 வோல்ட் இணைப்புக்கென மின்மாற்றி ஒன்று உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் வெளிமுனைகளை அளந்தால் மின்மாற்றியின் தடையே மீட்டரில் தெரியும். சுருளின் நிலை தெரியாது. மேற்சொன்ன இரு சோதனைகளும் மின்மாற்றி இல்லாத யூனிட்டுக்கு மட்டுமே பொருந்தும்.

இவ்விடத்தில் ஒரு தவறு பற்றி எச்சரிக்க விரும்புகிறோம். மின்மாற்றி இல்லாத 8 ஓம் யூனிட்டை ஆம்பிளிபையரின் 100 வோல்ட் முனையில் பூட்டுவோர் உண்டு. கணக்கிட்டுப் பார்த்தால், முழு ஓசையில் அந்த யூனிட் 1,250 வாட் இழுக்க முயலும். 30 வாட்டுக்கு அமைந்த சுருள் கண நேரத்தில் கருகும். கருகிய சுருளைக் கண்ட மாத்திரத்தில் உற்பத்தியாளர் உண்மையை உணர்ந்துகொள்வார். நம் பிழையால் நேர்ந்ததற்கு உத்தரவாதம் கோருதல் முறையன்று.

முத்திரையைத் திறவாதீர்

மேலே கூறிய நெசவாளர் சங்கத்தின் யூனிட் வாங்கி ஏழு மாதமே ஆகியிருந்தது, உத்தரவாதம் ஓராண்டு. எனினும் கூட்டத்திற்கு மறுநாள் பஞ்சாயத்தார் ஒருவர் அவசரப்பட்டு, தெரிந்த இளைஞர் ஒருவரைக் கொண்டு யூனிட்டைத் திறக்கச் செய்தார். முத்திரை கிழிந்தது. திருகு வழுக்கித் தகடும் கிழிந்தது. பின்னர் விற்றவரிடம் கொண்டு சென்றபோது, திறக்கப்பட்ட யூனிட்டை ஏற்பதற்கில்லை என்று கூறிவிட்டார். விற்றவர் ஏமாற்றினார் என்று சங்கத்தார் நம்மிடம் முறையிட்டனர். நாம் யூனிட்டையும் சீட்டையும் பார்த்தோம். முத்திரை உடைந்தால் உத்தரவாதம் இல்லை என்பது சீட்டில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. முதற்பழுது உற்பத்தியில் நேர்ந்ததா, சங்கத்தார் கையாண்டதில் நேர்ந்ததா என்பதை இனி எவராலும் கூற இயலாது. சான்று அழிந்துபோயிற்று. புது யூனிட்டின் விலை சங்கத்தின் செலவில் ஏறியது.

வெளியில் நின்று செய்யத்தக்க சோதனைகளே உத்தரவாதக் காலத்தில் நமக்கு உரியவை. கூம்பின் வாயில் குளவிக் கூடு உளதா, மழைநீர் தேங்கியுளதா, திருகுகளில் களிம்பு ஏறியுளதா என்று பார்க்கலாம். அதற்கு அப்பால் உள்ளது உற்பத்தியாளரின் வேலை.

உத்தரவாதச் சீட்டு

வாங்கும் நாளிலேயே செய்ய வேண்டியவை சில உள. சங்கத்தின் பெயரில், பொருளின் வரிசை எண் குறித்த பில் பெறுதல் வேண்டும். பணம் கொடுத்தும் பில் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று சட்டமே கூறுகிறது. உத்தரவாதச் சீட்டில் விற்றவரின் முத்திரையும் தேதியும் இடப்பட்டனவா என்று பார்க்க வேண்டும். வரிசை எண்ணையும் உத்தரவாதம் முடியும் தேதியையும் தளவாடப் பதிவேட்டில் அப்பொருளுக்கு நேரே எழுதிவிட்டால், காரியதரிசி மாறினாலும் செய்தி மறையாது. சீட்டைக் காரியதரிசியின் வீட்டில் வைத்தல் கூடாது. சங்கத்தின் இரும்புப் பெட்டியே அதற்குரிய இடம்.

சீட்டை ஒருமுறை முழுவதும் படிக்கவும். உத்தரவாதம் எந்த நாளிலிருந்து எண்ணப்படும், பொருளைப் பணிமனைக்குக் கொண்டு செல்லும் செலவு யாருடையது, பழுது பார்க்க எடுத்துக்கொண்ட நாட்கள் கழிக்கப்படுமா என்பனவெல்லாம் அதன் வாசகத்தைப் பொறுத்தவை. சுருள் கருகுதல், தகடு கிழிதல் ஆகியவை உத்தரவாதத்தில் அடங்கா என்று எழுதப்பட்ட சீட்டுகளும் உண்டு. அத்தகைய சீட்டு கையில் இருந்தும் இல்லாதது போன்றதே. வாங்குமுன் இதனைக் கேட்டறிதல் நலம்.

எழுத்தில் அறிவித்தல்

பழுது கண்டவுடன் வாய்மொழியாகச் சொல்லி வருவதோடு நின்றுவிடலாகாது. உத்தரவாதம் முடிவதற்குள் குறையை அறிவித்தோம் என்பதற்கு எழுத்தே சாட்சி. விற்றவருக்கும் உற்பத்தியாளருக்கும் பின்வருமாறு எழுதலாம்:

“ஐயா, எங்கள் சங்கம் தங்களிடம் ……… தேதியில் ……… எண்ணுள்ள பில்லின்படி வாங்கிய கூம்பு ஒலிபெருக்கியின் யூனிட், வரிசை எண் ………, ……… தேதி முதல் ஒலிக்கவில்லை. நல்ல கம்பியிலும், நன்றாக ஒலிக்கும் மற்றொரு யூனிட்டின் இணைப்பிலும் பூட்டிச் சோதித்தோம். மின்தடை அளந்ததில் சுருள் அறுந்ததாகத் தெரிகிறது. நாங்கள் பயன்படுத்தும் ஆம்பிளிபையர் ……… வாட். இணைப்பு ……… ஓம். முத்திரை பிரிக்கப்படவில்லை, படம் இணைத்துள்ளோம். உத்தரவாதம் ……… தேதி வரை உள்ளது. ……… நாட்களுக்குள் பழுது நீக்கியோ மாற்றியோ தருமாறு வேண்டுகிறோம்.”

இதில் சினமோ பழிச்சொல்லோ வேண்டுவதில்லை. தேதியும் எண்ணும் செய்த சோதனையும் இருந்தால் போதும். முத்திரையோடு கூடிய யூனிட்டைக் கைப்பேசியால் படமெடுத்த பின்னரே அனுப்ப வேண்டும். பொருளை ஒப்படைத்ததற்கு, வரிசை எண் குறித்த ரசீது பெறுதல் அவசியம். லாரியில் அனுப்பினால் அதன் ரசீதைக் கோப்பில் வைக்கவும்.

ஓர் உழவர் கூட்டுறவுச் சங்கத்தில் நாம் கண்டதை எடுத்துக்காட்டாகக் கூறுவோம். அங்கே இரண்டு கூம்புகள் ஒரே வாரத்தில் ஊமையாயின. இரண்டையும் திருப்பி அனுப்பக் காரியதரிசி முனைந்தார். நாம் உடனிருந்து சோதிக்கையில், ஒன்றின் கம்பியை ஓட்டின் இடுக்கில் அணில் கடித்திருந்தது தெரிந்தது. ஒரு முழம் கம்பி மாற்றியதும் அது பேசிற்று. மற்றொன்றில் மட்டுமே சுருள் அறுந்திருந்தது. அதனை மாத்திரம் அனுப்பினர். மிகுதியான ஓசை வைத்ததால் நேர்ந்த பழுது என்று முதலில் மறுமொழி வந்தது. ஆம்பிளிபையரின் வாட்டும் யூனிட்டின் வாட்டும் பொருந்தியிருப்பதைக் கணக்கோடு எழுதி, மீண்டும் ஆராயுமாறு சங்கத்தார் கேட்டனர். நாற்பது நாட்களில் புது யூனிட் வந்து சேர்ந்தது. நல்ல கூம்பையும் சேர்த்தனுப்பியிருந்தால் சங்கத்தாரின் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு இருந்திராது என்பது நம் கருத்து.

மறுத்தால் செய்வது

நியாயமான கோரிக்கையும் மறுக்கப்பட்டால் சட்டத்தின் துணை உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020ஆம் ஆண்டு ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தில் ‘நபர்’ என்னும் சொல்லில் கூட்டுறவுச் சங்கமும் வெளிப்படையாக அடக்கப்பட்டுள்ளது. ஆகவே சங்கமே முறையிடலாம். முதற்படியாக 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெரிவித்துப் பார்க்கலாம். அதனால் பயன் இல்லையாயின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். முன்னர் எதிர்த் தரப்பினர் இருக்கும் ஊரிலோ குறை எழுந்த ஊரிலோ முறையிட வேண்டியிருந்தது. இப்போது முறையிடுவோர் வாழும் இடத்து ஆணையத்திலும் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருள்களுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றியும் வாதிடலாம். வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

ஒன்றை நினைவிற் கொள்க. வாணிக நோக்கத்திற்காக வாங்கிய பொருளுக்கு இச்சட்டம் பொருந்தாது. கூட்டத்திற்கென வாங்கிய ஒலிபெருக்கியைத் திருமண வீடுகளுக்கு வாடகைக்கு விட்டு வருவாய் தேடும் சங்கங்கள் உள. அவ்வாறு செய்தால், வாணிகத்திற்கு வாங்கியது என்று எதிர்வாதம் எழ இடம் கொடுத்தவர்களாவோம். உத்தரவாதச் சீட்டுகளும் வாடகைப் பயனை விலக்குதல் உண்டு.

கூட்டத்திற்கு முன்

பழுது வந்தபின் நீக்குவதைக் காட்டிலும் முன்னரே காண்பது மேல். கூட்டத்திற்கு முதல் நாள் மாலை ஒவ்வொரு ஒலிபெருக்கியையும் தனித்தனியே இயக்கிக் கேட்க வேண்டும். கூம்பின் வாயைச் சற்றே கீழ்நோக்கிக் கட்டினால் மழைநீர் தங்காது. கூட்டம் நடக்கையில் கடைசி வரிசையில் ஓர் அங்கத்தினரை அமர்த்தி, ஓசை நின்றால் கைக்குட்டையை அசைக்கச் சொல்லலாம். செலவில்லாத இவ்வேற்பாட்டைச் சென்ற ஆண்டே செய்திருந்தால் அப்பூசல் நேர்ந்திராது. அதனை அன்று சொல்லாதது நம் குறையே.

அச்சங்கத்தின் மகாசபை மீண்டும் கூடிற்று. புது யூனிட் முதல் நாளே சோதிக்கப்பட்டிருந்தது. தீர்மானம் படித்து முடிந்ததும் மரத்தடியிலிருந்து முதிய அங்கத்தினர் ஒருவர், நெசவு செய்யும் அம்மையார், எழுந்து நின்றார். “மழைக்காலத்தில் பாவு காயாது, குழித்தறியில் தண்ணீர் நிற்கும், கூலி பாதியாகிவிடும். அம்மாதங்களிலும் இதே தொகையைத்தான் பிடிப்பீர்களா?” என்று வினவினார். மேடையில் எவரும் அதனை எண்ணியிருக்கவில்லை. சிறிது நேரம் ஆலோசித்தபின், மழை மாதங்களில் பழைய தொகையே பிடிக்கப்படும் என்று திருத்தம் சேர்க்கப்பட்டது. திருத்திய தீர்மானத்திற்கு அனைவரும் கை தூக்கினர். ஏகமனதாக என்னும் சொல் இம்முறை பொருளோடு எழுதப்பட்டது.

ஆகவே, சங்கங்களின் காரியதரிசிகள் இவ்விதழைப் படித்து முடித்ததும், தம் சங்கத்து ஒலிபெருக்கியின் உத்தரவாதச் சீட்டு எங்கே உள்ளது, அது என்று முடிகிறது என்பதை எடுத்துப் பார்ப்பார்களாக.